பென்சில் புள்ளியின் கதை

இயர் எண்டிங் அமளி ஒருவழியாக ஓய்ந்தது. ஆடிட்டர்கள் கிளம்பிவிட்டார்கள். இனி கொஞ்ச நாளைக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதலாம்.

எங்களைப் போல வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. ஒரே பிள்ளைக்கு மூன்று விதமான விதிகள். ஜேஇஇ மெயின் என்றால் சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. இங்கே நாக்பூரில் எழுதும் மகாராஷ்டிர அரசின் சிஇடி என்றால் தப்புக்குக் கழிவே கிடையாது. ஊர்ப்பக்கம் போய்ப் பொறியியல் கலந்தாய்வில் சேரலாம் என்றால் அங்கே நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மார்க் மட்டும்தான். (நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்குவது தனிப் புராணம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இந்த 4, 1, பூஜ்யம் எல்லாம் எங்கிருந்து வந்தன? நாலு விடை கொடுத்து ஒன்றைக் கறுப்பாக்கு என்று முதலில் சொன்னவர் யார்? பொறியியல் மாதிரி படி படியாகக் கணக்குப் போட வேண்டிய படிப்புக்குள் இது எப்படி நுழைந்தது? கொஞ்ச நாளாகத் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

டிஸ்கி: நான் பி.காம். பொறியியல் பற்றி வருவதெல்லாம் மாடி வீட்டுப் பேராசிரியர் சொல்லித் தந்தது. கணக்கு மட்டும் என்னுடையது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1912, 1913 வாக்கில் விஸ்கான்சின் பல்கலையைச் சேர்ந்த ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். ஒரு பள்ளி மாணவனின் ஜியாமெட்ரி விடைத்தாளை நகலெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பி மார்க் போடச் சொன்னார்கள். தாளும் ஒன்று, விடையும் ஒன்று. வந்த மார்க்கோ 28ல் தொடங்கி 90க்கு மேல் வரை. இங்கிலீஷ் கட்டுரையில் இப்படி ஆனால் ரசனை வேறுபாடு என்று விட்டுவிடலாம், ஜியாமெட்ரியில் என்ன ரசனை? ஒருவர் படிக்கு மார்க் போட்டார், ஒருவர் விடைக்குப் போட்டார், இன்னொருவர் கையெழுத்துக்கும் சேர்த்துப் போட்டார். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரே வவுச்சரை நூறு கிளையில் பாஸ் செய்யக் கொடுத்தால் நூறு தொகை விழுந்த மாதிரி.

அப்போது கேன்சஸ் மாநிலத்து எம்போரியாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர் ஃப்ரெடரிக் கெல்லி. 1914ல் இவர் முடித்த ஆராய்ச்சியே ஆசிரியர்கள் போடும் மார்க் எப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதுதான். அதற்கு அவர் கண்ட மருந்து, ஆசிரியரின் தீர்ப்புக்கு இடமே கொடுக்காத கேள்வி. அவருடைய கேன்சஸ் வாசிப்புத் தேர்வில் நாலு மிருகத்தின் பெயர் கொடுத்து, பண்ணைக்கு உதவுவதைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுவார். பசு, புலி, எலி, ஓநாய். பசுவைச் சுற்றிக் கோடு போட்டால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. யார் திருத்தினாலும் அதே மார்க். இன்று ஜேஇஇ வரை வந்திருக்கும் பரம்பரையின் கொள்ளுத் தாத்தா அந்தப் பசுதான்.

அடுத்து யுத்தம் வந்தது. 1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது திடீரென்று லட்சக்கணக்கான ஆட்களைத் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. ஆர்மி ஆல்ஃபா என்ற தேர்வும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆர்மி பீட்டா என்ற படத் தேர்வும் வைத்தார்கள். எழுதியவர்கள் சுமார் 17 லட்சம் பேர். துளை போட்ட அட்டையைத் தாளின் மேல் வைத்துத் துளை வழியாகத் தெரியும் குறியை எண்ணித் திருத்தினார்கள். திருத்துபவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது அங்கேதான். 1926ல் கல்லூரிச் சேர்க்கைக்கு எஸ்ஏடி வந்தது. முதல் தடவை எழுதியவர்கள் சுமார் எட்டாயிரம் பேர்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆள். ரெனால்ட் ஜான்சன், மிச்சிகன் மாநிலத்து அயர்ன்வுட் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். சின்ன வயதில் இவருக்கு ஒரு குறும்பு உண்டு. அக்காமார்களைப் பார்க்க வரும் வாலிபர்களின் கார் எஞ்சினைத் திறந்து ஸ்பார்க் ப்ளக்கின் மேல் பென்சிலால் கோடு இழுத்து வைத்துவிடுவாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி பறக்க வேண்டிய மின்சாரம் கோட்டின் வழியாக ஓடிப்போய்விடும். கார் கிளம்பாது. பெரியவராகி ஆசிரியரான பிறகு, அந்தப் பென்சில் கோட்டையே வைத்து விடைத்தாள் திருத்தினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. சரியான இடத்தில் பென்சில் குறி இருந்தால் மின்சாரம் பாயும். பாயும் மின்சாரத்தின் அளவுதான் மார்க்.

ஐபிஎம் முதலில் தயங்கியது, பிறகு 1934ல் இவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. 1938ல் ஐபிஎம் 805 என்ற இயந்திரம் வெளிவந்தது. தாளைச் செருகினால் மீட்டரில் முள் நகரும். முள் காட்டும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கை பழகியவர் மணிக்கு 800 தாள் வரை தள்ளிவிடலாம். (இதே ஜான்சன்தான் பிற்பாடு கலிஃபோர்னியாவில் 1956ல் வந்த முதல் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டருக்குத் தலைமை தாங்கினார். என் கிளையில் சர்வர் படுத்துவிட்டால் நான் கும்பிட வேண்டிய தெய்வமும் இவர்தான் போலிருக்கிறது.)

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீடு திரும்பிய படைவீரர்களின் படிப்புச் செலவை அமெரிக்க அரசே ஏற்றது. 1947ல் அங்கே கல்லூரியில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். வகுப்புகள் வீங்கின, ஆசிரியர்கள் அதே விகிதத்தில் கூடவில்லை. 1955ல் அயோவா பல்கலையின் லிண்ட்க்விஸ்ட் மின்சாரத்துக்குப் பதில் ஒளியைப் பாய்ச்சிக் குறியைப் படிக்கும் இயந்திரத்தைச் செய்தார். நம் பிள்ளைகள் வட்டம் வட்டமாகக் கறுப்படித்த ஓஎம்ஆர் ஷீட் அந்த வழியில் வந்ததே.

சரி, நெகடிவ் மார்க்குக்கு வருவோம். இது என் ஏரியா.

மாடி வீட்டு சார் திருநெல்வேலிக்காரர், இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மெக்கானிக்ஸ் எடுக்கிறார். நாலு செக்‌ஷன், மொத்தம் 240 பேர், எல்லோருக்கும் ஒரே தாள். எழுத்துத் தேர்வு வைத்தால் பத்துக் கேள்வி, கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 4800 நிமிடம். அதாவது 80 மணி நேரம். அதனால் இடைத்தேர்வுக்கு நாலு விடைக் கேள்விகள் 40 வைக்கிறார்.

நாற்பதில் 16 எடுத்தால் பாஸ் என்று வையுங்கள். கழிவு கிடையாது. ஒன்றுமே தெரியாதவன் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியாக 10 வரும். ஃபெயில்தான், பரவாயில்லை. ஆனால் எட்டுக் கேள்விக்கு மட்டும் விடை தெரிந்த பையனைப் பாருங்கள். மீதி 32ஐக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் அதில் சராசரி எட்டு சரியாகும். 8 + 8 = 16. ஐந்தில் ஒரு பங்கு தெரிந்தவன், ஐந்தில் இரண்டு பங்கு தெரிந்தவனுக்கான பாஸ் மார்க்கைத் தொட்டுவிட்டான். நாளைக்கு அவன் பாலம் கட்டுவான்.

இதைச் சரிக்கட்டத்தான் கழிவு. விதி சுலபம். எத்தனை விடை கொடுக்கிறோமோ அதில் ஒன்றைக் கழித்து, அதால் ஒரு மார்க்கை வகுத்து, அவ்வளவைத் தப்புக்குக் குறைக்க வேண்டும். நாலு விடை என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதே பையனுக்கு 32ல் எட்டு சரி, 24 தப்பு. 24ஐ மூன்றால் வகுத்தால் 8. 8 + 8 − 8 = 8. அவனுக்குத் தெரிந்தது எட்டு, கிடைத்ததும் எட்டு. டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிறது.

இந்தக் கணக்கை நம்மூர்த் தேர்வுகளுக்குப் போட்டுப் பாருங்கள். வங்கி அதிகாரிகளுக்கான ஐபிபிஎஸ் தேர்வில் ஐந்து விடை, கால் மார்க் கழிவு. குருட்டு யூகத்துக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. கேட் தேர்வில் நாலு விடை, மூன்றில் ஒன்று கழிவு, அங்கேயும் பூஜ்யம். ஜேஇஇ அட்வான்ஸ்டில் ஒரே ஒரு சரி விடை உள்ள கேள்விகளுக்கு +3, −1 என்று வைத்தபோதும் பூஜ்யமே. ஆனால் ஜேஇஇ மெயினில் +4, −1. நாலு தடவை கண்ணை மூடி அடித்தால் ஒரு தடவை 4 வரும், மூன்று தடவை 1 போகும். நிகரமாக ஒரு மார்க் லாபம், கேள்விக்குக் கால் மார்க். நீட் தேர்விலும் அதே. கழிவு இருக்கிறது என்று நாம் பயந்து சாகிறோம், கணக்கோ யூகிப்பவன் பக்கம்தான் லேசாகச் சாய்ந்திருக்கிறது.

அதுவும் முழுக் குருட்டு யூகத்துக்கு. இரண்டு விடைகள் நிச்சயம் தப்பு என்று தள்ளத் தெரிந்த பிள்ளைக்கு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால் சராசரி ஒன்றரை மார்க். விட்டுவிட்டு வந்தால் பூஜ்யம். எங்கள் வீட்டுப் பெண் மாதிரித் தேர்வுகளில் சந்தேகம் வந்த கேள்வியை எல்லாம் விட்டுவிட்டு வருகிறாள். "தெரியாததை எப்படிப்பா போடறது?" என்கிறாள். நாம் அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்! இது அவளுடைய குணம் மட்டும் என்று நினைத்திருந்தேன். 2014ல் கேத்தரின் பால்டிகா வெளியிட்ட ஆய்வில் தப்புக்குக் கழிவு வைத்தால் ஆண்களைவிடப் பெண்கள் அதிகக் கேள்விகளை விட்டுவிடுகிறார்கள் என்றும், அதே அளவு தெரிந்தும் அதனால் மார்க் குறைகிறது என்றும் வந்தது. எஸ்ஏடி தேர்வு 2016ல் கழிவையே எடுத்துவிட்டது. தைரியம் என்பது எந்தச் சிலபஸிலும் இல்லாத பாடம், அதற்கும் சேர்த்து இங்கே மார்க் விழுகிறது.

கேள்வி தயாரிப்பது பற்றி சார் சொன்னதுதான் எனக்குப் புது விஷயம். சரியான விடையை எழுதுவது கஷ்டமில்லையாம், தப்பு விடைகள் மூன்றையும் எழுதுவதில்தான் பிராணன் போகுமாம். ஒரு உதாரணம் சொன்னார். ஒரு கம்பியில் எடை தொங்குகிறது. அதே எடை, கம்பியின் விட்டம் மட்டும் இரு மடங்கு. ஸ்ட்ரெஸ் என்ன ஆகும்? விடை, கால் பங்கு. பரப்பு விட்டத்தின் வர்க்கப்படி கூடும் என்பதை மறந்தவன் அரைப் பங்கு என்பான். வர்க்கம் ஞாபகம் இருந்து தலைகீழாகப் போட்டவன் நாலு மடங்கு என்பான். இரண்டையும் கோட்டைவிட்டவன் இரு மடங்கு. அந்த மூன்றையும் விடைகளாக வைத்தால், பையன் எதைக் கறுப்பாக்கினான் என்பதைப் பார்த்தே அவனுக்கு எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். சும்மா 17, 23, 31 என்று வாய்க்கு வந்ததை வைத்தால் ஒன்றும் தெரியாது.

இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலையின் ஹெஸ்டெனெஸும் கூட்டாளிகளும். 1980களில் மாணவர்களை முதலில் சொந்த வார்த்தையில் விடை எழுதச் சொன்னார்கள். அதில் திரும்பத் திரும்ப வந்த தப்புகளைப் பொறுக்கி எடுத்து அவற்றையே விடைகளாக வைத்தார்கள். 1992ல் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் தேர்வாக அது வெளிவந்தது. கணக்கே போட வேண்டாம், லாரியும் காரும் மோதினால் எது எதை அதிகமாகத் தள்ளும் என்கிற மாதிரிக் கேள்விகள். ஹார்வர்டில் எரிக் மஸூர் தன் வகுப்பில் இதை வைத்தபோது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை போடவா, நான் நிஜமாக நினைப்பதுபடி போடவா என்று கேட்டாளாம். மஸூர் ஆடிப்போனார். அதற்குப் பிறகு பெரிய வகுப்பில் லெக்சர் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு நாலு விடைக் கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டு மறுபடி விடை சொல்லச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்.

பரீட்சை முடிந்த பிறகும் வேலை உண்டு. மொத்த மார்க்கில் மேலே இருக்கும் 27 சதவீதம் பேரையும் கீழே இருக்கும் 27 சதவீதம் பேரையும் தனியாக எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு கூட்டத்திலும் எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 27 என்பது 1939ல் ட்ரூமன் கெல்லி காட்டிய எண். (பசுக் கெல்லி வேறு, இவர் வேறு!) மேல் கூட்டம் அதிகம் சரியாகப் போட்டிருந்தால் கேள்வி நல்ல கேள்வி. கீழ்க் கூட்டம் அதிகம் சரியாகப் போட்டிருந்தால் எங்கேயோ உதைக்கிறது, பெரும்பாலும் விடைப் பட்டியலே தப்பாக இருக்கும். நாலு விடை கட்டாயம் என்பதும் இல்லையாம். 2005ல் ராட்ரிகெஸ் என்பவர் எண்பது வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மூன்று விடையே போதும் என்றார். நாலாவது விடையைப் பொதுவாக யாரும் சீந்துவதில்லை.

ஒரு நல்ல கேள்விக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறார் சார். 40 கேள்விக்கு 40 மணி. ஆக, திருத்தும் வேலை முழுக்க மறைந்துவிடவில்லை, பரீட்சைக்குப் பின்னால் இருந்தது முன்னால் நகர்ந்திருக்கிறது. முன்னால் அந்த 40 மணியைச் செலவழிக்காதவர்கள் கைடு புத்தகத்திலிருந்து அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். சீனியர்களிடம் அந்தப் பட்டியல் முழுசாக இருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஐஐடிகளின் பொது நுழைவுத் தேர்வு 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. பல வருடம் தாளில் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டிய தேர்வாகவே அதற்குப் பெயர். கூட்டம் கூடக் கூட, 2000ல் முதலில் ஒரு அப்ஜெக்டிவ் வடிகட்டித் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு மட்டும் எழுத்துத் தேர்வு என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2006ல் எழுத்துத் தேர்வு போய்விட்டது. சுமார் மூன்று லட்சம் பேர், எல்லாமே கொள்குறி வினா. கேட் தேர்வு 2003லேயே அப்படி ஆகிவிட்டது.

அந்த 2006லேயே ஒரு சர்ச்சை. ஒவ்வொரு பாடத்துக்கும் கட் ஆஃப் வைத்தார்கள். கணிதம் 37, இயற்பியல் 48, வேதியியல் 55. இந்த எண்கள் எப்படி வந்தன என்று காரக்பூர் ஐஐடியின் கணினிப் பேராசிரியர் ராஜீவ் குமார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஆரம்பித்தார். தன் சொந்த நிறுவனத்தையே கேட்டார், பல வருடம் கேட்டார். 2011ல் உச்ச நீதிமன்றம் அவரைப் பாடப்படாத நாயகன் என்ற பொருளில் பாராட்டியது. இயந்திரம் திருத்துவதால் பாரபட்சம் இல்லை என்று நினைக்கிறோம். இயந்திரம் கூட்டித்தான் கொடுக்கிறது, கோட்டை எங்கே போடுவது என்பதை மனிதர்கள்தானே முடிவு செய்கிறார்கள்.

2017ல் இன்னொரு கூத்து. ஜேஇஇ அட்வான்ஸ்டில் சில கேள்விகளில் பிழை என்று எல்லோருக்கும் போனஸ் மார்க் கொடுத்தார்கள். கேள்வியைத் தொடாதவனுக்கும் மார்க்கா என்று வழக்கு. ஜூலை 7ம் தேதி உச்ச நீதிமன்றம் சேர்க்கையை நிறுத்தி வைத்தது, 10ம் தேதி அனுமதித்தது. அந்த மூன்று நாள் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்ததோ! எனக்குக் கேட்டால் எல்லோருக்கும் மார்க் கொடுப்பது சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுக் கணக்கை முடிக்கிற மாதிரி. டேலி ஆகும், நியாயம் ஆகாது. அந்தத் தப்புக் கேள்வியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டியவனுக்கு அந்தப் பத்து நிமிடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

தமிழ்நாட்டு விஷயம் நமக்குத் தெரிந்ததே. 1984ல் எம்ஜிஆர் ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது, கடைசியாக 2006ல் நடந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300 என்று நம் வயதுக்காரர்கள் அரை மார்க், கால் மார்க்குக்கு அடித்துக்கொண்டோமே! கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அநியாயம் என்று எடுத்தார்கள். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் எடுத்த பிறகு பிளஸ் டூவை மனப்பாடப் பரீட்சையாக்கி, புத்தகத்துக் கடைசிப் பக்க ஒரு மார்க் கேள்விகளை வரிசை மாறாமல் ஒப்பிக்க வைத்த பள்ளிகளுக்கு யோகம் அடித்ததையும் பார்த்தோம். நாலு விடைக் கேள்வி இருந்தாலும் சிக்கல், போனாலும் சிக்கல்.

தேர்வு வைப்பவர்களும் சும்மா இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கும் கேள்விகள் உண்டு. நாலு விடைகளில் எவை எவை சரி என்பதற்கு 15 சேர்க்கைகள், குருட்டு யூகம் பலிக்க வாய்ப்பு பதினைந்தில் ஒன்று. பாதி தெரிந்தவனுக்குப் பாதி மார்க்கும் தருகிறார்கள். விடையே கொடுக்காமல் எண்ணை நேராகத் தட்டச் சொல்லும் கேள்விகளும் வந்துவிட்டன, கேட் தேர்வில் அவற்றுக்குக் கழிவு கிடையாது. தேர்வுகள் திரைக்குப் போய்விட்டதால் பென்சிலும் இல்லை, புள்ளியும் இல்லை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. ஒரே வகுப்பில் ஆயிரக்கணக்கானவர்கள், வாராவாரம் அசைன்மெண்ட். கெல்லியின் பசு இல்லாவிட்டால் அதை யார் உட்கார்ந்து திருத்துவது?

ஆனாலும் படிகளைப் பார்க்கும் கண் அங்கே கிடையாது. கடைசி வரியில் ஒரு மைனஸை விட்டவனும் ஒன்றும் புரியாதவனும் இந்தத் தேர்வில் ஒன்று. அதனால் செமஸ்டர் தேர்வில் எழுத்துத் தாளை விடமாட்டேன் என்கிறார் சார். 80 மணி நேரம் ஆனாலும் சரியாம். டிசம்பரில் அவர் வீட்டு பால்கனியில் விடைத்தாள் கட்டு ஏறினால் மாமி எங்களிடம் புலம்புவது வழக்கம் :-)

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. மாதிரித் தேர்வு முடிந்ததும், விட்டுவிட்டு வந்த கேள்விகளில் எத்தனைக்கு இரண்டு விடையைத் தள்ள முடிந்தது என்று பக்கத்தில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் 14 கேள்வி. கேள்விக்கு ஒன்றரை என்றால் சராசரியாக 21 மார்க். கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அப்பா, இது பேங்க் இல்ல" என்றாள். இந்த வாரத் தாளில் 14 என்பது 6 ஆகியிருக்கிறது. கேட்டால், கேள்வி சுலபம் என்கிறாள்.

பல ஷிஃப்டில் நடக்கும் ஜேஇஇ மெயினில் ஒரு ஷிஃப்ட் கஷ்டம், ஒரு ஷிஃப்ட் சுலபம் என்றால் பெர்சென்டைல் போட்டு எப்படிச் சமன் செய்கிறார்கள் என்று நாக்பூர் நண்பர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது பெரிய கணக்கு, அடுத்த பதிவில்.